கதைமாந்தர் பெயரும் குழந்தைப் பெயரும்

கற்பனைக் கதைமாந்தரின் பெயர்களைக் குழந்தைகளுக்கு இடும் வழக்கம் மேனாடுகளில் தொலைக்காட்சியோடு தோன்றியதன்று. 1904இல் இலண்டனில் ஜே. எம். பரியின் 'பீற்றர் பான்' நாடகம் அரங்கேறியது. அதற்கு முன்னர் மிக அரிதாகவே வழங்கிய 'வென்டி' என்னும் பெயர், அந்நாடகத்தின் சிறுமியால் ஆங்கிலம் பேசும் நாடுகளெங்கும் பரவிற்று. கவிஞர் ஹென்லியின் மகள் பரியை நண்பர் என்னும் பொருளில் 'ஃபிரெண்டி' என அழைக்க முயன்று, ரகரம் நாவிற்கு வராது குழறிய மழலையே அதற்கு மூலம் என்பர். அச்சிறுமி 1894இல் ஐந்து வயதில் இறந்தாள்; அவளது மழலையோ பல்லாயிரம் பெண்களின் பெயராயிற்று.

'கலீசி'யின் வரலாறு வேறானது. ஜோர்ஜ் ஆர். ஆர். மாட்டின் 1996இல் வெளியிட்ட மாயப்புனைவு நாவலில் அது பெயரன்று. குலத்தலைவனின் மனைவிக்குரிய பட்டமாகும். 2011இல் தொடங்கிய 'கேம் ஒஃப் துரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரில், அடிமைகளை விடுவித்த டெனேரிஸ் அப்பட்டத்தைத் தாங்கினாள். அவளை வியந்த அமெரிக்கப் பெற்றோர் பலர் அதனைத் தம் பெண்மக்களுக்கு இட்டனர். 2018இல் மட்டும் 560 குழந்தைகள் அப்பெயர் பெற்றனர். மறு ஆண்டிலேயே, தொடரின் இறுதியில், சரணடைந்த நகரை அவள் எரித்தாள். பெற்றோர் சிலர் வருந்தினர்.

முன்னது முடிந்த கதையின் பெயர். பின்னது முடியாத கதையின் பெயர். எனினும், இன்று வென்டி என்ற பெயரைக் கேட்போர் பலர் நாடகத்தை நினைப்பதில்லை. கலீசிக்கும் நாளடைவில் பொருள் தருவது கதாசிரியரின் முடிவன்று. அப்பெயரைத் தாங்கும் பெண்களின் வாழ்வே எனலாம்.