படையினரின் நுளம்பாராய்ச்சியும் யாழ்ப்பாணக் குடாநாடும்

போர் வரலாறு எழுதுவோர் துப்பாக்கியையும் பீரங்கியையும் எண்ணும் அளவுக்குக் காய்ச்சலை எண்ணுவதில்லை. 1803ஆம் ஆண்டிலே கண்டி நகரைக் கைப்பற்றிய பிரித்தானியப் படை, அங்கு தங்கிய சில மாதங்களுள் காய்ச்சலால் நலிந்தது. மேஜர் டேவியும் எஞ்சியோரும் நகரை விட்டு வெளியேறியபோது, எழுந்து நடக்கவியலாமற் படுக்கையிற் கிடந்தோர் பலராவர். காடும் குளமும் செறிந்த நாடுகளிற் புகுந்த படைகள் யாவற்றுக்கும் இதுவே கதி. ஆதலின் நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிய அறிவு வளர்ந்த இடங்களுள் படைமுகாம் முதன்மையானதாயிற்று. அவ்வறிவு எவ்வாறு பிறந்தது, எவ்வழியாக எங்கள் தீவை அடைந்தது, இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அதற்கு என்ன வேலை உண்டு என்பன இக்கட்டுரையின் பொருளாகும்.

மலேரியாக் காய்ச்சலுக்கும் நுளம்புக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பித்த றொனால்ட் றொஸ், இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த படைமருத்துவர். 1897 ஆகஸ்ட் 20ஆந் திகதி செக்கந்தராபாத்தில், குசேன் கான் என்னும் நோயாளியின் குருதியை உண்ட நுளம்பின் இரைப்பைச் சுவரிலே மலேரியாக் கிருமியின் வளர்ச்சியை அவர் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவிற் பறவைகளைக் கொண்டு அதன் முழு வட்டத்தையும் விளக்கினார். நுளம்புகள் அனைத்தும் மலேரியாவைப் பரப்புவதில்லை என்று தெரிந்தபின், எந்த இனம் பரப்புகின்றது, அது எந்நீரில் முட்டையிடுகின்றது என்னும் வினாக்கள் எழுந்தன. அவற்றுக்கு விடை தேடியவர்களும் பெரும்பாலும் அச்சேவையினரே. 1901ஆம் ஆண்டில் அச்சேவையைச் சேர்ந்த கைல்ஸ் என்பவர் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் இனத்துக்குப் பெயரிட்டு விவரித்தார். அதே ஆண்டில் லிஸ்ரன் என்பவர் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்பதை விவரித்தார். இவ்விரு பெயர்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். முன்னையது இலங்கையைப் பாழாக்கியது. பின்னையது நூற்றாண்டு கடந்தபின் எங்கள் ஊர்க் கிணற்றுக்கு வந்தது.

அக்காலத்திலேயே அமெரிக்கப் படைமருத்துவரான மேஜர் வோல்ரர் றீட் தலைமையிலமைந்த குழு, கியூபாவில் மஞ்சட்காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் நுளம்பு என்று 1900இல் நிறுவியது. கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே 1881இலேயே இதனைக் கூறியிருந்தார், கேட்பார் இருக்கவில்லை. அக்குழுவின் லசியர் என்பவர் அவ்வாராய்ச்சியின்போதே மஞ்சட்காய்ச்சலால் உயிர் துறந்தார். இன்று எங்கள் வீட்டு முற்றங்களிலே டெங்குக் காய்ச்சலைப் பரப்புவதும் அதே ஏடிஸ் ஈஜிப்தியே.

இலங்கையில் 1921ஆம் ஆண்டிற் கார்ட்டர் என்னும் பூச்சியியலாளர் பணியேற்று, இங்குள்ள அனோபிலிஸ் இனங்களை ஆராய்ந்து, மலேரியாவைப் பரப்பும் முதன்மை இனம் கியூலிசிபேசிஸ் என்று காட்டினார். வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகள் இந்நுளம்புக்கு உவப்பானவை. 1934இல் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் மணலிடையே குட்டை குட்டையாகத் தேங்கின. குருநாகல், கேகாலைப் பகுதிகளில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேரைப் பலிகொண்ட பெருங்காய்ச்சல் அக்குட்டைகளிலிருந்தே எழுந்தது. அதனை ஆராய அழைக்கப்பட்ட கேணல் கில் என்பவரும் இந்திய மருத்துவ சேவையினரே. பஞ்சாபில் மலேரியாப் பெருக்கை முன்னறிவது பற்றி உழைத்தவர் அவர். அங்கே வெள்ளம் காய்ச்சலைக் கொணர்ந்தது. இங்கே வரட்சி கொணர்ந்தது. ஓரிடத்து விதியை மற்றோரிடத்திற் பொருத்திப் பார்ப்பதற்கு முன், அவ்விடத்து நுளம்பின் இயல்பை அறியவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வற்றாத ஆறு எதுவுமில்லாத எங்கள் குடாநாடு அப்பேரழிவின் நடுவே அகப்படவில்லை. நாங்கள் குறைபாடென்று கருதும் ஒன்று அவ்வாண்டில் அரணாயிற்று.

இரண்டாம் உலகப் போரிலே இவ்வறிவு பெருஞ்சோதனைக்குள்ளாயிற்று. பர்மாப் போர்முனையில் 1943இல் காயமுற்று அனுப்பப்பட்ட ஒருவனுக்கு நோயுற்று அனுப்பப்பட்டோர் நூற்றிருபது பேர் என்று தளபதி சிலிம் தம் நூலிற் பதிந்துள்ளார். யப்பானியர் யாவாவைக் கைப்பற்றியதனாற் கொயினா கிடைப்பது அரிதாயிற்று. அதற்கு ஈடாக மெப்பக்கிரின் என்னும் மஞ்சள் வில்லை கொடுக்கப்பட்டது. அது ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி பரவவே, வீரர் வாயிலிட்டுப் பின் உமிழ்ந்தனர். சிலிம் முன்னறிவிப்பின்றிப் படைப்பிரிவுகளின் குருதியைச் சோதிப்பித்தார். வில்லையை உட்கொண்டோர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் அப்பிரிவின் தலைவரைப் பதவி நீக்கினார். மூவரை நீக்கியதுமே ஏனையோருக்கு விடயம் விளங்கிவிட்டது!

அவ்வில்லையின் அளவை உறுதிசெய்தவர்கள் அவுஸ்திரேலியப் படையினர். பெயார்லியின் தலைமையில் 1943இல் கெயின்ஸ் நகரிற் படை ஆராய்ச்சி நிலையமொன்று தோன்றியது. மேஜர் யோசபின் மக்கெராஸ் என்னும் பெண்மணி அங்கே நுளம்புகளை வளர்த்து, மலேரியாக் கிருமியை ஊட்டி, தாமாக முன்வந்த வீரர்களைக் கடிக்கச் செய்தார். நாளொன்றுக்கு நூறு மில்லிக்கிராம் மெப்பக்கிரின் தவறாது உண்டவரிடம் காய்ச்சல் தலைகாட்டவில்லை. போர் வெற்றிகளைப் பேசும் நூல்களிலே அவ்வம்மையாரின் பெயர் அருகியே காணப்படுகின்றது. நுளம்பு வளர்த்தவருக்கு யார் சிலை எடுப்பர்?

சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் 1939இற் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த டி.டி.ரி. என்னும் மருந்து, நேபிள்ஸ் நகரிலே பேனால் பரவிய தைபசுக் காய்ச்சலை 1944இன் தொடக்கத்தில் அடக்கிப் புகழ்பெற்றது. அவ்வாண்டு ஏப்பிரிலிலே தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. போர் முடிந்த 1945இல் அம்மருந்து இங்குப் பரிசோதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் வீட்டுச் சுவர்களிற் பரவலாகத் தெளிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு 20.2 ஆக இருந்த இறப்பு வீதம் ஓராண்டுள் 14.3 ஆக வீழ்ந்தது. மலேரியா அரிதாயிருந்த பகுதிகளிலும் இறப்பு வீதம் குறைந்தமையால் மருத்துவமனைகளுக்கும் உணவு விநியோகத்துக்கும் இதிற் பங்குண்டென வாதித்த அறிஞருமுளர். அவ்வாதம் தள்ளத்தக்கதன்று. ஆயினும் 1946இல் இருபத்தேழு இலட்சத்தைக் கடந்திருந்த நோயாளர் தொகை 1963இற் பதினேழாகக் குறைந்தது என்பதும் மறுக்கவியலாதது.

அதன்பின் நேர்ந்தது வருந்தற்குரியது. நோய் ஒழிந்ததென எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது; நுளம்பையும் நோயாளியையும் தேடும் பணியும் தளர்ந்தது. 1968இல் மீண்டும் மழை பொய்த்தது. ஆற்றுக் குட்டைகள் மீண்டும் தோன்றின. இரத்தினக்கல் தோண்டிய குழிகளிலும் நீர் தேங்கிற்று. 1969இல் நோயாளர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டனர். மருந்தை மீண்டும் கையிலெடுத்தபோது, அதைத் தாங்கும் ஆற்றலைக் கியூலிசிபேசிஸ் பெற்றிருந்தமை வெளிப்பட்டது. ஈற்றில் 1977இல் மலத்தியனுக்கு மாற நேர்ந்தது. படையினரிடமிருந்து மருந்தைப் பெற்ற நாடு, அவர்களுடைய நாளாந்தக் கண்காணிப்புப் பழக்கத்தைப் பெறவில்லை என்பதே என் கருத்து.

வடக்கிலே போர் மூண்ட காலத்தில் இடப்பெயர்வாலும் மருந்துத் தட்டுப்பாட்டாலும் மலேரியா பெருகிற்று. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். இருப்பினும் போர்ப் பகுதிகளிலும் நடமாடும் மருத்துவ நிலையங்கள், மருந்தூட்டிய நுளம்பு வலைகள், சுவர்த் தெளிப்பு ஆகியன இயன்றவரை தொடர்ந்தன. இறுதி ஆண்டுகளில் நோயுற்றோரிற் பெரும்பங்கினர் வளர்ந்த ஆடவர்; அவர்களுட் காட்டு முகாம்களிலிருந்த படையினரும் பலர். 2012 ஒக்ரோபருடன் உள்நாட்டில் தொற்றும் மலேரியா அற்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதனை உறுதிப்படுத்தியது.

அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னாரில் ஸ்ரெபென்சி நுளம்பு பிடிபட்டது. அடுத்து யாழ்ப்பாண நகரிலும் அது காணப்பட்டதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டனர். இது ஆற்றையும் காட்டையும் நாடாத நகரத்து நுளம்பு. கிணறும் சீமெந்துத் தொட்டியும் இதற்குப் போதும். 1934இல் ஆறின்மை எங்களைக் காத்தது. சுண்ணாம்புக்கற் பாறையைத் தோண்டிய கிணறுகளையே நம்பி வாழும் குடாநாட்டுக்கு இந்நுளம்பின் முன் அந்தப் பாதுகாப்பு இல்லை. உவர்நீரில் ஏடிஸ் வளராது என்ற நெடுநாளைய எண்ணமும் இங்கே பொய்த்தது. கைவிடப்பட்ட கிணறுகளிலும் கரையோரத்துப் பழைய படகுகளிலும் தேங்கிய உவர்நீரில் அதன் குடம்பிகள் வளர்வதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கிணறுகளிலே உப்பேறிவரும் எங்கள் கரையோரக் கிராமங்களுக்கு இச்செய்தி சிறிதன்று.

நுளம்பு உண்டு, கிருமி இல்லை. இதுவே இன்றைய நிலை. கிருமி வெளியிலிருந்து வருகின்றது. 2018 டிசெம்பரில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரின் குருதியிலிருந்து கிருமியைப் பெற்ற உள்ளூர் நுளம்பு மொனறாகலை மாவட்டத்தில் ஒருவருக்கு அதைத் தொற்றுவித்தது. தொற்று உடனே கண்டறியப்பட்டமையால் அவ்வளவோடு நின்றது. வெளிநாட்டு அமைதிப் பணிக்குச் செல்லும் படையினர்க்கு முன்காப்பு மருந்தளித்து, மீளும்போது குருதி சோதிக்கும் ஒழுங்கு இப்போது உண்டு. குடாநாட்டிலோ பூச்சியியல் உத்தியோகத்தர் வீடு வீடாகச் சென்று, கிணற்று நீரை அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றி, நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாக மிதக்கும் அனோபிலிஸ் குடம்பியைத் தேடுகின்றனர். ஏடிசும் கியூலெக்சும் தலைகீழாகச் சரிந்து தொங்கும். அனோபிலிஸ் படுத்து மிதக்கும். கிணற்றடிக்கு வரும் அவர்களுக்குப் படலையைத் திறந்துவிடுவோர் எல்லா ஒழுங்கைகளிலும் இருப்பதில்லை.