பன்னிரண்டு புள்ளிப் பித்து

யூரோவிஷன் பாட்டுப் போட்டி 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் முதன்முதலாக நடந்தபோது அதற்கென்று ரசிகர் கூட்டம் எதுவும் இல்லை. ஏழு நாடுகள் வந்திருந்தன. நாட்டுக்கு இரண்டு பாட்டு. குர்சால் அரங்கில் கோட்டும் நீண்ட கவுனுமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் அளவாகக் கைதட்டினார்கள். நடுவர்கள் ரகசியமாக வாக்களித்தார்கள். லக்சம்பர்க் தன் நடுவர்களை அனுப்பாததால் அந்த நாட்டின் வாக்கையும் சுவிஸ் நடுவர்களே சேர்த்துப் போட்டார்கள். வென்றதும் சுவிட்சர்லாந்துதான்: லிஸ் அஸ்ஸியா பாடிய 'ரெஃப்ரேன்'. யாருக்கு எத்தனை புள்ளி என்ற விவரம் அன்றும் வெளியாகவில்லை, பிறகும் வெளியாகவில்லை. நிகழ்ச்சியின் முழு வீடியோப் பதிவும் மிஞ்சவில்லை. பின்னாளில் வந்த ரசிகர்களுக்கு இந்த இரண்டும் தீராத மனக்குறை.

போட்டியைத் தொடங்கியவர்களுக்கு ரசிகர்களைச் சேர்க்கும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1950இல் அமைந்தது. பல நாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களை ஒரே நேரத்தில் இணைக்கும் 'யூரோவிஷன்' வலையமைப்பு 1954இல் இயங்கத் தொடங்கியது. அந்த வலையமைப்பில் அனுப்பத் தகுந்த நிகழ்ச்சி ஒன்று வேண்டியிருந்தது. இத்தாலியில் 1951 முதல் நடந்துவந்த சான் ரெமோ பாட்டு விழாவை முன்மாதிரியாகக் கொண்டு இந்தப் போட்டி உருவானது; அதற்காக முன்நின்றவர் சுவிஸ் வானொலி, தொலைக்காட்சித் துறையின் மார்செல் பெசன்சோன். சுருங்கச் சொன்னால், கம்பிகளும் கோபுரங்களும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பரீட்சையில் பாட்டு ஒரு சாக்கு.

ரசிகனை உண்டாக்கியது அடுத்த ஆண்டு வந்த ஒரு பலகை. 1957இல் பிராங்ஃபர்ட்டில் நடந்த போட்டியில் ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் தொலைபேசியில் புள்ளிகளைச் சொல்ல, அவை மேடையிலிருந்த பலகையில் எல்லோர் கண்ணெதிரிலும் ஏறின. பாட்டு முடிந்ததும் அணைத்துவிடக்கூடிய நிகழ்ச்சி, அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும் நிகழ்ச்சியாக மாறியது. வீடுகளில் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு தாங்களே புள்ளி போட்டுப் பார்க்கும் பழக்கம் பரவியது. 1968இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்ட் ஒரே ஒரு புள்ளியில், 28க்கு 29 என்று, ஸ்பெயினின் மாசியேலிடம் தோற்றார். மறு ஆண்டு மாட்ரிட்டில் நான்கு நாடுகள் சமமாக முதலிடத்துக்கு வந்தன. சமநிலையைத் தீர்க்க விதி எதுவும் இல்லாததால் நால்வரையும் வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். அந்தக் குழப்பத்தின் கசப்பில் 1970இல் சில நாடுகள் போட்டிப் பக்கமே வரவில்லை. 1975இல் நிலைபெற்ற புள்ளிமுறை இன்றும் தொடர்கிறது: முதல் பாட்டுக்கு 12, இரண்டாவதற்கு 10, பிறகு 8 முதல் 1 வரை. 11உம் 9உம் கிடையாது. 'டூஸ் புவான்' (பன்னிரண்டு புள்ளி) என்ற பிரெஞ்சுச் சொற்கள், பிரெஞ்சு அறியாத கோடிக்கணக்கானவர்களுக்கும் பழக்கமானது இதற்குப் பிறகுதான்.

1974இல் பிரைட்டனில் 'வாட்டர்லூ' பாடி அபா குழு வென்றதும் அது உலகப் புகழ் பெற்றதும் எங்கும் சொல்லப்படும் கதை. ரசிகர்களின் சுபாவத்தை அறிய அதைவிட உதவுவது 1978இல் பாரிஸில் நடந்தது. நார்வேயின் யான் தைகன் கால்சட்டையின் தோள்வாரை இழுத்துவிட்டபடி துள்ளித் துள்ளிப் பாடி, ஒரு நாட்டிடமிருந்தும் ஒரு புள்ளிகூட வாங்காமல் ஊர் திரும்பினார். நார்வே அவரைத் தலைகுனிய விடவில்லை. அந்தப் பாட்டு அங்கே விற்பனைப் பட்டியலில் ஏறியது. பூஜ்யம் வாங்கியதே அவருக்குப் புகழாயிற்று. வென்றவரை மறந்துவிட்டுத் தோற்றவரைக் கொண்டாடும் இந்தக் குணம் வேறு போட்டிகளில் அபூர்வம்.

முறையான ரசிகர் மன்றமும் வெற்றி பெற்ற நாட்டில் பிறக்கவில்லை. 1984இல் பின்லாந்தின் சாவோன்லின்னா என்ற சிற்றூரில் ஓகே (ஓ.ஜி.ஏ.இ.) என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதுவரை பின்லாந்து எட்டிய உச்சம் 1973இல் கிடைத்த ஆறாவது இடம். 1982இல் அதற்கும் பூஜ்யம்தான். ஆண்டுதோறும் அடிவாங்கியும் அடுத்த ஆண்டு ஆசையோடு உட்கார்ந்தவர்களிடமிருந்து இப்படியொரு மன்றம் கிளம்பியதில் ஒரு நியாயம் இருக்கிறது. பின்லாந்தில் முளைத்தது மற்ற நாடுகளுக்கும் பரவி, நாட்டுக்கொரு கிளை என்று வளர்ந்தது. போட்டியில் கலந்துகொள்ளாத நாடுகளில் இருப்பவர்களுக்காக 'மீதி உலகம்' என்றே ஒரு கிளையும் உருவாயிற்று.

அந்தக் காலத்து ரசிகருக்கு வேலை அதிகம். இறுதிப்போட்டி ஒரு சனிக்கிழமை இரவோடு முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு நாடும் தன் பாட்டைத் தேர்ந்தெடுக்க உள்நாட்டில் நடத்தும் போட்டிதான் உண்மையான சுரங்கம். போர்ச்சுகலில் தோற்ற எட்டுப் பாட்டை டென்மார்க்கில் இருப்பவர் கேட்க ஒரே வழி, அங்கே ஒருவர் அதை கேசட்டில் பிடித்துத் தபாலில் அனுப்புவதுதான். பதிலுக்கு இவர் டேனிஷ் தேர்வுப் போட்டியைப் பதிந்து அனுப்புவார். நகலுக்கு நகல் எடுத்த வீடியோ கேசட்டில் படம் மங்கி, நிறம் வழிந்து, பாடகரின் முகம் புகைபோலத் தெரியும். அதையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். இரவில் நடுத்தர அலைவரிசையில் வெளிநாட்டு வானொலியைத் தேடிப் பிடித்து, இரைச்சலுக்கு நடுவே பாட்டைப் பதிந்தவர்களும் உண்டு. மன்றங்கள் இதழ் நடத்தின. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டி வைத்தார்கள். அவற்றில் ஒன்று, உள்நாட்டுத் தேர்வில் தோற்ற பாட்டுகளுக்கு மட்டுமான 'இரண்டாம் வாய்ப்பு'ப் போட்டி. தொலைக்காட்சி நிலையங்கள் தொலைத்துவிட்ட பல பழைய தகவல்களைத் தேடிக் கோத்து வைத்தவர்கள் இவர்களே. 1964 கோபன்ஹேகன் போட்டியின் முழு வீடியோவும் கிடைக்கவில்லை. அதன் ஒலிப்பதிவும் சில துண்டுகளும் மட்டுமே இருக்கின்றன. அது எங்காவது ஒரு பரணில் கிடக்கும் என்ற நம்பிக்கையை ரசிகர்கள் விட்டபாடில்லை.

மன்ற உறுப்பினர்கள் இறுதிப்போட்டிக்கு முன்பே வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் விருப்பத்தை அறிவிப்பதும் வழக்கமாகிவிட்டது. அது பலிப்பது பாதி, பொய்ப்பது பாதி. 2017இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ கப்பானிதான் என்று மன்றங்கள் ஒரே குரலில் சொல்ல, அவர் ஆறாவதாக வந்தார். மறு ஆண்டு அவர்கள் தூக்கிவைத்த இஸ்ரேலின் நெட்டா வென்றார். ஒரு பாட்டை நூறு தடவை கேட்டவரின் காதும், அன்றிரவு முதன்முறையாகக் கேட்பவரின் காதும் ஒன்றாக இருக்க முடியாது.

1990களின் இறுதியில் மூன்றே ஆண்டுகளில் போட்டி தலைகீழாக மாறியது. 1997இல் ஐந்து நாடுகள் பொதுமக்களைத் தொலைபேசியில் வாக்களிக்கச் சொல்லிப் பார்த்தன; மறு ஆண்டு பெரும்பாலான நாடுகள் அதற்கு மாறின. 1999இல் சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதியும் வாத்தியக் குழுவும் ஒன்றாகப் போயின. வாத்தியக் குழு போனதற்குப் பழைய ரசிகர்கள் இன்னும் வருந்துகிறார்கள். 1998இல் பர்மிங்ஹாமில் இஸ்ரேலின் டானா இன்டர்நேஷனல் வென்றார். அவர் திருநங்கை. அவருடைய நாட்டிலேயே பழமைவாதிகள் எதிர்த்த நிலையில், ஐரோப்பிய வீடுகளிலிருந்து வந்த வாக்குகளும் சேர்ந்து அவரை மேலே ஏற்றின. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் இந்தப் போட்டியை வெகுகாலமாகவே தங்கள் திருவிழாவாகக் கொண்டாடிவந்தார்கள். மன்றங்களைக் கட்டி வளர்த்தவர்களில் அவர்கள் கணிசமானவர்கள். அதுவரை குறிப்பாக மட்டும் பேசப்பட்ட விஷயம் பர்மிங்ஹாமுக்குப் பிறகு வெளிப்படையாயிற்று. 2014இல் தாடியும் கவுனுமாக ஆஸ்திரியாவின் கொஞ்சிட்டா வூர்ஸ்ட் வென்றபோது அரங்கு கொண்டாடிய விதம் அதன் தொடர்ச்சியே.

அரங்கும் பெரிதாகிக்கொண்டே போனது. 2001இல் கோபன்ஹேகனின் பார்க்கன் கால்பந்து மைதானத்துக்குக் கூரை போட்டு, ஏறத்தாழ 38,000 பேருக்கு முன்னால் போட்டியை நடத்தினார்கள். கோட்டும் கவுனும் பின்வரிசைக்குப் போக, கொடி பிடித்த கூட்டம் மேடைக்கு முன்னால் வந்து நின்றது. அதுமுதல் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கும் பாட்டோடு சேர்ந்து கூட்டத்தின் இரைச்சலும் நிகழ்ச்சியின் பகுதியாயிற்று.

கிழக்கு ஐரோப்பிய நாடுகள் திரளாக வரவே 2004இல் அரையிறுதியும், 2008இல் இரண்டாவது அரையிறுதியும் வந்தன. அண்டை நாடுகளும் புலம்பெயர்ந்தோரும் தத்தம் பக்கத்துக்கே வாக்கை அள்ளிப் போடுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. கிரேக்கமும் சைப்ரசும் ஒன்றுக்கொன்று 12 புள்ளி கொடுக்கும்போதெல்லாம் அரங்கில் கேலிச் சத்தம் எழுவது ஒரு சடங்காகவே ஆயிற்று. பிபிசியில் பல்லாண்டுகள் கிண்டலும் குத்தலுமாக வர்ணனை செய்த டெரி வோகன், 2008 போட்டிக்குப் பிறகு இனிப் பாட்டுக்கு இங்கே மதிப்பில்லை என்று சலித்து விலகினார். பிரிட்டனில் பலர் போட்டியை அவர் வாய் வழியாகவே ரசித்துவந்தார்கள். சிரிப்பதற்காகப் பார்ப்பவர்களுக்கும் உயிரைக் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கும் இடையே அங்கே எப்போதும் ஓர் உரசல் உண்டு. 2009இல் நடுவர் குழுக்களைத் திரும்பக் கொண்டுவந்து வாக்கைப் பாதிக்குப் பாதி ஆக்கினார்கள்.

இதற்கிடையே, 2006இல் பின்லாந்தின் நாற்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. கொம்பும் கோரைப்பல்லுமாக அரக்க வேடம் போட்ட லோர்டி என்ற ஹார்டு ராக் குழு ஏதென்ஸில் 292 புள்ளி பெற்று வென்றது. அந்த வேடத்தை நாட்டுக்கே அவமானம் என்று போட்டிக்கு முன் முகம் சுளித்தவர்கள் பலர். வென்று வந்த குழுவை வரவேற்க ஹெல்சின்கி சந்தைச் சதுக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டு, அந்தப் பாட்டை ஒருமித்துப் பாடினார்கள்.

இந்தப் பித்து ஐரோப்பாவுக்கு வெளியே ஆழமாக வேரூன்றியது ஆஸ்திரேலியாவில். போருக்குப் பிறகு அங்கே குடியேறிய கிரேக்க, இத்தாலிய, யூகோஸ்லாவியக் குடும்பங்களை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்ட எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி, 1983 முதல் போட்டியை ஒளிபரப்பிவருகிறது. பிறந்த நாட்டை ஓரிரவு பார்க்கலாம் என்று பெரியவர்கள் உட்கார, பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் போட்டியையே பிடித்துக்கொண்டார்கள். நேரலை அங்கே ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு வரும். அதற்காக எழுந்து, நண்பர்களைக் கூட்டி, நாட்டுக்கொரு பலகாரம் வைத்துப் பார்க்கும் வீடுகள் உண்டு. இந்த விசுவாசத்தைப் பாராட்டி 2015இல் வியன்னாவில் நடந்த அறுபதாவது போட்டிக்கு ஆஸ்திரேலியாவையும் அழைத்தார்கள். அந்த ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். மறு ஆண்டும் ஆஸ்திரேலியா வந்து நின்றது. வியன்னாவில் அதன் சார்பில் பாடி ஐந்தாவது இடம் பெற்றவர் கை செபாஸ்டியன்: மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், தந்தை வழியில் இலங்கைத் தமிழர்.

தீவிர ரசிகரின் நாள்காட்டி இப்போது மே மாதத்துக்குள் அடங்குவதில்லை. சுவீடனின் தேர்வுப் போட்டியான மெலடிஃபெஸ்டிவலன் 2002 முதல் ஊர் ஊராகச் சென்று வாரா வாரம் சனிக்கிழமை நடக்கிறது. வெளிநாட்டு ரசிகர்களே டிக்கெட் எடுத்து அதற்கு வருகிறார்கள். ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் அந்த ஆண்டின் பாடகர்கள் மேடையேறும் முன்னோட்டக் கச்சேரி. அதன்பின் போட்டி நடக்கும் நகரில் ஒத்திகை நாட்கள், ஊர் நடுவே பெரிய திரை வைத்த கொண்டாட்டத் திடல், விடிய விடியப் பழைய பாட்டுகளுக்கு ஆடும் கூடம். ஒத்திகையில் ஒரு பாட்டுக்கு விளக்கு மாறினாலும் பந்தயக் கணக்கு மாறும். அதை மணிக்கொரு தரம் பார்க்காதவர் குறைவு.

2020இல் பெருந்தொற்று போட்டியையே ரத்து செய்தது. 1956க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டு ராட்டர்டாமில் ஒரு நிகழ்ச்சிக்கு 3,500 பேர் என்ற கட்டுப்பாட்டோடு நடத்தினார்கள். 2022இல் டூரினில் உக்ரைனின் கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா பொதுமக்களிடம் 439 புள்ளி அள்ளி வென்றது. வென்ற நாடே அடுத்த போட்டியை நடத்துவது வழக்கம்; போரின் காரணமாக உக்ரைனில் நடத்த முடியாமல், 2023 போட்டியை அதன் சார்பில் லிவர்பூல் ஏற்றது. பிரிட்டனில் அடைக்கலம் புகுந்த உக்ரைனியர்களுக்காக ஏறத்தாழ 3,000 டிக்கெட்டுகளை ஒதுக்கிவைத்தார்கள்.

அந்த லிவர்பூல் இரவில் ரசிகர்களுக்கும் நடுவர்களுக்கும் உள்ள இடைவெளி கண்கூடாகத் தெரிந்தது. பின்லாந்தின் கேரியா, பளபளக்கும் பச்சை நிறத்தில் உடம்பை மூடாமல் கைகளை மட்டும் மூடிய மேல்சட்டையோடு 'சா சா சா' என்று ஆடியிருந்தார். அரங்கில் பாதிப் பேர் அதே பச்சையில் வந்திருந்தார்களோ என்று தோன்றும் அளவுக்குக் கூட்டம் அவர் பக்கம். நடுவர்களோ சுவீடனின் லொரீனுக்கு 340 புள்ளி கொடுத்தார்கள், பின்லாந்துக்கு 150. நடுவர் புள்ளிகள் வாசிக்கப்படும்போதே 'சா சா சா' என்ற கோஷம் அறிவிப்பாளர்களின் குரலை அமுக்கியது. பொதுமக்கள் வாக்கில் பின்லாந்துக்கு 376 என்று அறிவித்ததும் அரங்கு அதிர்ந்தது, மொத்தம் 526. சுவீடன் முந்த 187 புள்ளி வேண்டும். வந்தது 243. 1980லும் 1987லும் வென்ற அயர்லாந்தின் ஜானி லோகனுக்கு அடுத்து, இரண்டு முறை வென்ற பாடகர் என்ற பெயர் லொரீனுக்குக் கிடைத்தது. கூட்டமோ வீடு திரும்பும்போதும் தோற்றவரின் பாட்டைத்தான் பாடியது.

அரங்கின் குரல் எப்போதும் வாழ்த்தாக இருந்ததில்லை. 2014இல் ரஷ்யாவின் இரட்டைச் சகோதரிகள் புள்ளி பெறும்போதெல்லாம் எழுந்த எதிர்ப்பொலி அடுத்த ஆண்டும் எழலாம் என்று அஞ்சி, வியன்னாவில் அதை ஒளிபரப்பில் கேளாமல் அடக்கும் ஏற்பாட்டைச் செய்துவைத்தார்கள். 2024இல் மால்மோவில் காசா போரின் நிழலில் போட்டி நடந்தது. இஸ்ரேலின் பாடகிக்கும், போட்டியின் நிர்வாக மேற்பார்வையாளர் திரையில் தோன்றியபோது அவருக்கும் எதிராகக் கூச்சல் எழுந்தது. நெதர்லாந்தின் பாடகர் இறுதிப்போட்டியன்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு டிக்கெட்டை விற்றுவிட்டுப் போகாமல் இருந்தவர்களும் உண்டு. பாட்டு வேறு அரசியல் வேறு என்று வாதிட்டுப் போனவர்களும் உண்டு. மன்றங்களுக்குள்ளேயே பேச்சு முறிந்தது.

2025இல் பாசலில் இஸ்ரேல் பொதுமக்கள் வாக்கில் முதலிடம் பெற்று மொத்தத்தில் இரண்டாவதாக வந்தது. அரசு விளம்பரம் செய்து வாக்குச் சேர்த்ததாக எழுந்த புகாரைத் தொடர்ந்து, அந்த ஆண்டு நவம்பரில் ஒலிபரப்பு ஒன்றியம் விதிகளைத் திருத்தியது. அரையிறுதிகளுக்கு 2023இல் கைவிட்ட நடுவர் குழுக்களை 2026 முதல் மீண்டும் கொண்டுவர முடிவாயிற்று. ஒருவர் போடக்கூடிய வாக்குகள் 20இலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டன. அடுத்த மாதமே இஸ்ரேல் கலந்துகொள்வதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் 2026 வியன்னா போட்டிக்கு வருவதில்லை என்று அறிவித்தன.