'நாக்' என்று முடியும் பெயர்கள்

புனேயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பீமா ஆற்றங்கரையில் 60 அடி உயரக் கல்தூண். ஜனவரி 1 அன்று போயிருந்தேன். நீலக்கொடிகள், 'ஜெய் பீம்' முழக்கம். தேரோட்டம் மாதிரிக் கூட்டம். ஆனா இங்க யாரும் யாரையும் 'தள்ளி நில்லு'ன்னு சொல்லல.

1817 டிசம்பர் 31 இரவு சிரூரிலிருந்து கேப்டன் ஸ்டாண்டன் தலைமையில் கம்பெனிப் படையினர் 800 பேருக்கு மேல் கிளம்பினார்கள். விடிந்தபோது எதிரே பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை, ஏறக்குறைய 28,000 பேர். கோரேகான் ஊருக்குள் சோறு தண்ணி இல்லாமல் பகல் முழுக்கச் சண்டை. இரவோடு பேஷ்வா படை விலகிப் போனது. கம்பெனிப் பக்கம் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 275 பேர்.

500 மகர்கள் 28,000 பேரை வென்றார்கள் என்று நம் மேடைகளில் பேசுகிறார்கள். இந்த மிகை நமக்குத் தேவையில்லை. அந்தப் படையில் மராத்தியரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். சென்னைப் படையின் பீரங்கிக்காரர்களும் இருந்தார்கள். பேஷ்வா படையிலும் பெரும்பகுதி சண்டையில் இறங்கவேயில்லை. தூணில் உள்ள 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அவர்கள் மகர்கள். நமக்கு இந்த உண்மையே போதும்.

'வெள்ளைக்காரனுக்குக் கூலிக்கு மாரடிச்ச பட்டாளம்தானே' என்று கேட்கிற தோழர்கள் உண்டு. பேஷ்வாக்களின் புனேயில் எச்சில் துப்பக் கழுத்தில் கலயம், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பம் என்று தீண்டப்படாதவர் நடந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அது யாருடைய நாடு? எதைக் காட்டிக் கொடுத்தான் அவன்?

அதற்காக வெள்ளைக்காரனுக்கு மாலை போடச் சொல்லவில்லை. பெயரைக் கல்லில் வெட்டியவனே 1890களில் 'போர் மரபினர்' என்று புதுக்கணக்குப் போட்டு மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். அந்தக் கணக்கில் நம்ம பக்கத்துச் சென்னைப் பட்டாளமும் சுருங்கியது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அவருடைய பிள்ளைகள் தலைமுறைக்குக் கதவு சாத்தப்பட்டது. மனு மேல் மனு போட்டார்கள். 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் வந்தது. அதன் சின்னத்தில் இருந்த இந்தத் தூணும் விடுதலைக்குப் பிறகு எடுக்கப்பட்டது.

1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் இங்கே வந்து நின்றார். அதே ஆண்டு மார்ச் 20இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். கல் சொன்னதை அவர் எப்படிப் படித்தார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். 2018இல் 200ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தவர்கள் மீது கல் வீசப்பட்டது. ஓர் உயிரும் போனது. செத்துப்போன சிப்பாயை நினைப்பதுகூட இன்னும் சிலருக்குப் பொறுக்கவில்லை.

எங்க ஊர்க் கோயிலுக்குக் கல் சுமந்தது எங்க சேரி. உபயதாரர் கல்வெட்டில் எங்க ஆள் பேரு ஒண்ணுகூட இல்ல. அதனால்தானோ என்னவோ, அந்த 22 பெயர்களையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.