உரிமமும் குரலும்: சங்கம் ரேடியோவை முன்வைத்து

தொண்டு நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் கொடுத்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வாங்கியவர்கள் அதில் பேசுவதில்லை. பேசினாலும் நன்றி சொல்வதோடு சரி. தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்தில், பஸ்தாபூரை மையமாகக் கொண்ட டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் கதை இந்தச் சட்டகத்துக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதனாலேயே அது நமக்கு முக்கியமாகிறது.

1983இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தொடங்கியவர்களில் ஒருவர் தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்த பி.வி.சதீஷ். ஊர்தோறும் ஏழைப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 'சங்கம்' என்ற பெயரில் கூடினார்கள். அதே காலத்தில்தான் ஆந்திர அரசின் இரண்டு ரூபாய் அரிசித் திட்டமும் வந்தது. பசித்தவனுக்கு அரிசி வந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சோளமும் தினையும் சாமையும் விளைந்த மானாவாரி நிலங்கள் அந்த அரிசிக்கு முன்னால் மதிப்பிழந்தன. புன்செய் தானியம் 'ஏழைச் சோறு' ஆயிற்று. சங்கப் பெண்கள் வீட்டு விதைகளைத் திரட்டி விதை வங்கி வைத்தார்கள். 1990களின் நடுவில் தங்கள் நிலத்துச் சோளத்தைக் கொண்டே மாற்றுப் பொது விநியோகத்தை நடத்திக் காட்டினார்கள். மரபு என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்று பழக்கப்பட்ட நமக்கு இது வேறொன்றைச் சொல்கிறது: முளைக்காத மரபு மரபே இல்லை.

விதைக்குச் சரி, ரேடியோ எதுக்கு? இந்தக் கேள்வியில்தான் அரசியல் இருக்கிறது. வானொலியின் விவசாய நிகழ்ச்சி நெல்லையும் உரத்தையும் பேசியது. அதுவும் கற்றவர்களின் தெலுங்கில். தெலங்கானாப் பேச்சு அங்கே நகைச்சுவைப் பாத்திரத்தின் மொழி. 'ஆகாசவாணி'யா 'வானொலி'யா என்று சண்டை போட்ட நமக்கு இது புரியாததல்ல. ஆனால் நாம் போட்டது இரண்டு மொழிகளுக்கு இடையிலான சண்டை. இங்கே ஒரே மொழிக்குள் மையமும் விளிம்பும். கொர்ரவைப் பற்றிப் பேச, கொர்ர விதைத்தவளின் நாக்கு வேண்டும்.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காற்றலை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தை வைத்து அரசு கொண்டாடிவந்த ஏகபோகம் கருத்தளவில் அன்றே உடைந்தது. நடைமுறையில்? யுனெஸ்கோ உதவியோடு 1990களின் இறுதியில் மாச்னூரில் ஒலிப்பதிவுக்கூடம் தயாராகிவிட்டது, உரிமம் வரவில்லை. பெண்கள் காத்துக்கிடக்கவில்லை. பதிவு செய்த கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். காற்று மறுக்கப்பட்டபோது கைக்குக் கை போயிற்று குரல்.

இதற்கிடையில் 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எஃப்எம் ஒலிக்கத் தொடங்கியது. சமுதாய வானொலியின் கதவு முதலில் கல்வி நிறுவனங்களுக்குத்தான் திறந்தது. படித்தவர் பேசலாம், மற்றவர் கேட்கலாம் என்பதுதான் அதன் பொருள். 2006 நவம்பரில் கொள்கை தளர்ந்தது. 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ ஒலிபரப்பானது. தொடங்கி வைத்தவர் 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான பி.பி.சாவந்த். நடத்தியவர்கள் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரு தலித் பெண்கள்.

வெற்றிக் கதை என்று இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். நான் வைக்கப் போவதில்லை. 2006 விதிகளைப் பாருங்கள். உரிமம் தனிமனிதருக்குக் கிடையாது. குறைந்தது மூன்றாண்டு தொண்டு செய்த பதிவு பெற்ற அமைப்புக்குத்தான். ஆக, பொதுச் சொத்து என்று தீர்ப்பான ஒன்று, அறம் செய்யும் நிறுவனத்தின் வழியாகவே பொதுமக்களுக்கு வந்து சேருகிறது. உரிமை தருமமாக உருமாறுகிறது. அடுத்த நிபந்தனை: செய்தி கூடாது. விதையைப் பற்றிப் பாடலாம். விதைக் கம்பெனியைப் பற்றி நேற்று வந்த சேதியைச் செய்தியாகச் சொல்லக் கூடாது. இதே நிறுவனத்தைச் சேர்ந்த பெண்கள் வாரங்கல்லில் பி.டி. பருத்தி விவசாயிகளின் ஆத்திரத்தை வீடியோவில் படமாக்கினார்கள். கேமராவுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் சாத்தியமானது அது. நூறு வாட் டிரான்ஸ்மிட்டர் மேல்தான் அரசுக்கு இவ்வளவு பயம்!

தொண்டு நிறுவனங்கள் மீது நமக்கு இருக்கும் சந்தேகம் நியாயமானதே. நிதி தருபவரின் மொழி போராட்டத்தின் மொழியை விழுங்கிவிடும் என்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நரசம்மாக்களின் உழைப்பையும் 'நிதி அரசியல்' என்று தள்ளிவிட்டால், அவர்களை மறுபடியும் வாங்கியவர்களாகவே எழுதுகிறோம். பாட்டும் விதையும் கேள்வியும் அவர்களிடமிருந்து நிறுவனத்துக்குப் போனவை. கொடுத்தவர்கள் அவர்கள்.

2019இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு இந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டம் தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றின் மீதும் இறுகியது. 2023 மார்ச்சில் சதீஷ் மறைந்தார். பரிசு, பணம், நிறுவனர் எல்லாம் வரும், போகும். உரிமத் தாளில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும்வரை, அந்த நிறுவனத்துக்கு ஏதாவது நேர்ந்தால் குரலும் நிற்கும். ஆகவே அடுத்த கோரிக்கை இன்னொரு அறக்கட்டளை அல்ல. பேசுகிறவள் பெயரிலேயே, அவளுடைய சங்கத்தின் பெயரிலேயே அலைவரிசை வேண்டும். சேதி சொல்லும் உரிமையோடு.