மலைநாட்டு வெயிலும் மக்கள் தேடிய மறைப்பும்



நுவரெலியா என்றதும் பனியும் குளிரும் கம்பளிச் சட்டையுமே கேட்போர் நினைவில் எழுகின்றன. அந்நாட்டைப் பற்றிப் பேச வந்தவன் வெயிலை எடுத்துக்கொண்டது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் முகத்தையும் கையையும் உற்று நோக்கியவர்கள், அந்த மலைகளில் வெயில் எத்துணைக் காலமாகத் தன் கணக்கை எழுதி வருகின்றது என்பதை அறிவர்.

குளிர்காற்று வெம்மையைத் தணிக்குமேயன்றி ஒளியைத் தடுப்பதில்லை. தோலைக் கருக்குவதும் எரிப்பதும் வெம்மையன்று. கழியூதாக் கதிர் எனப்படும் கண்ணுக்குப் புலனாகாத ஒளியே அதனைச் செய்கின்றது. 1801ஆம் ஆண்டில் ஜெர்மனியரான ரிட்டர், ஊதா நிறத்திற்கு அப்பாலும் ஓர் ஒளி உண்டென்பதை வெள்ளி உப்பு கறுப்பதைக் கொண்டு கண்டறிந்தார். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் இக்கதிரின் வலிமை ஏறக்குறைய பத்து வீதம் மிகும். ஹற்றன் நகரம் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. எனவே தெளிந்த வானத்தின்கீழ் கொழும்பில் நிற்பவரைவிட நுவரெலியாவில் நிற்பவர் மேலும் ஐந்திலொரு பங்கு அளவுக்கு இக்கதிரைப் பெறுகின்றார். உடல் சுடாமையால் அவர் அதனை உணர்வதில்லை. தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படியும். நண்பகலிலோ வானில் ஒரு முகிலும் இராது. டிம்புளப் பகுதித் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித் தரும் கொழுந்து பறிக்கப்படுவதும் அந்த வறண்ட மாதங்களிலேதான்.

வெயிலுக்கு மறைப்பாக இந்நாட்டு மலைமக்கள் தொன்றுதொட்டுக் கொண்டது பூச்சு அன்று, ஓலை. 1660ஆம் ஆண்டில் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டில் வாழ்ந்து தப்பிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தம் நூலில் தாளிப்பனையோலையை வியந்து எழுதுகின்றார். ஓரோலையே பல மனிதரை மழையினின்றும் மறைக்கப் போதுமாம். வழிநடைக்காரர் அதனை விசிறிபோல் மடித்துக் கைக்கொண்டு செல்வராம். தலைமேல் விரித்தால் வெயிலுக்கு மறைப்பு, இரவில் கழியின்மேல் விரித்தால் கூடாரம். மரம் தந்ததை மனிதன் அப்படியே எடுத்துக்கொண்டான்; அதற்கு விலையும் இல்லை, கடனும் இல்லை.

கடனோடு கூடிய மறைப்பு பின்னரே வந்தது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையிலிறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் நீரின்றியும் நோயுற்றும் மடிந்தோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியைப் பற்றிய இலைத்துரு நோய் அப்பயிரை வீழ்த்தவே, மலைகளெல்லாம் தேயிலையாயின. கோப்பி ஆண்டிற்குச் சில மாதமே ஆள் வேண்டும் பயிர். தேயிலையோ ஆண்டு முழுதும் கை வேண்டும் பயிர். ஆதலின் அம்மக்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஆண்டு முழுதும் வெளியே நிற்பவராயினர்.

அவர்களுக்குத் தோட்டம் கொடுத்த பொருள்களுள் முதன்மையானது கம்பளி. ஆங்கிலேயத் துரைமார் தம் பேரேடுகளில் அதனைக் ‘கம்ளி’ என்று தமிழ்ச் சொல்லையே திரித்து எழுதி வைத்தனர். ஆட்டு மயிரால் நெய்த கரடுமுரடான அக்கறுப்புக் கம்பளி இரவில் போர்வையாகும். பகலில் கொங்காணியாக மடித்துத் தலையிலிட்டால் மழைக்கும் வெயிலுக்கும் காப்பாகும். அது தானமாகத் தரப்பட்டதென்று எண்ணிவிட வேண்டாம். அதன் விலை சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. வந்திறங்கிய நாளிலேயே தொடங்கிய கடன் கணக்கில், வழிச்செலவுக்கும் அரிசிக்கும் பக்கத்தில் கம்பளியும் ஒரு வரியாக நின்றது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அக்கம்பளி வெயிலைத் தடுப்பதில் சிறந்த பொருளே. துணி கழியூதாக் கதிரை எவ்வளவு தடுக்கின்றது என்பதை அளந்து தரப்படுத்தும் முறையை அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996இல் வகுத்தன. அத்தகைய அளவைகளின்படி நெருக்கமாக நெய்த துணி, இருண்ட நிறத் துணி, ஆட்டு மயிர்த் துணி ஆகியன மிகுதியாகத் தடுக்கின்றன. மெல்லிய வெள்ளைப் பருத்தி குறைவாகவே தடுக்கின்றது. அதுவும் நனைந்துவிட்டால் இன்னும் குறைந்துவிடும். ஆகவே கறுப்புக் கம்பளியும், இடுப்பிற் கட்டிய படங்கும், முழங்கை மறைத்த பழஞ்சட்டையும் அணிந்து மலையில் நின்ற அம்மையார், அளவைகள் பிறப்பதற்கு நூறாண்டு முன்னரே அவற்றின்படி ஒழுகியவரானார். புழுக்கமும் சுமையும் அவர் கொடுத்த விலை.

குடையோ வேறு கதை. தமிழர் மரபில் வெண்கொற்றக் குடை வேந்தனுக்கு உரியது. அரசனின் குடை வெயில் மறைப்பதற்காக எடுக்கப்பட்டதன்று, வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவதற்காக எடுக்கப்பட்டது என்று சோழனுக்கு எடுத்துரைத்துத் தம் நிலவரியைத் தள்ளுபடி செய்வித்துக்கொண்ட புலவரைப் புறநானூற்றிற் காண்கின்றோம். தோட்டங்களில் இக்குடை தலைகீழாகப் பிடிக்கப்பட்டது. துரை எதிரே வந்தால் விரித்த குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்துக் கையிலிட்டு, பாதையோரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்ததைத் தோட்டத்து முதியோர் இன்றும் சொல்வர். வெயிலினின்றும் மறைந்துகொள்வதற்கும் ஒருவனுக்கு உரிமை வேண்டியிருந்த காலம் அது.

அத்துரையின் தலையில் இருந்தது யாது? சோலாத் தொப்பி. நம் கோயில் மாலைகளுக்கும் திருமண அலங்காரத்திற்கும் பயன்படும் நெட்டியே அதன் உள்ளீடு. நீரில் வளரும் செடியின் வெண்ணிறத் தண்டை மெல்லியதாகச் சீவி, ஒட்டி, துணி போர்த்துச் செய்த இத்தொப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வெள்ளையரின் அடையாளமே ஆகிவிட்டது. இயற்கைப் பொருள், இலேசானது, நிழல் தருவது, அதிற் குறையில்லை. குறை அதனைச் சூழ்ந்த அச்சத்திலேதான். வெப்பநாட்டு ஒளி வெள்ளையரின் மூளையையும் முதுகுத்தண்டையும் துளைத்துப் பித்தராக்கும் என்று 1905இல் வூட்றஃப் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர் ஒரு பெருநூலே எழுதினார். முதுகெலும்புக்கு மேல் கம்பளித் திண்டு கட்டிக்கொண்டவர்களும் இருந்தனர். பிலிப்பைன் தீவுகளில் அமெரிக்கப் படைவீரர் பலருக்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை உடுத்தி ஓராண்டு சோதித்துப் பார்த்தார்கள்; 1910இல் வெளியான முடிவு, அவ்வாடை வீரருக்குப் புழுக்கத்தையன்றி வேறெதனையும் தரவில்லை என்பதே. இரண்டாம் உலகப் போரில் தொப்பியின்றியே வெயிலில் நின்று போராடிய வெள்ளைச் சிப்பாய்கள் பித்தராகாமை கண்டு சோலாத் தொப்பி மெல்ல மறைந்தது. அதே மலையில், அதே வெயிலில், வெறுங்காலோடு நின்ற தொழிலாளியின் மூளையைப் பற்றி இம்மருத்துவர்கள் யாரும் கவலை கொள்ளவில்லை என்பதையும் நேயர்கள் கருதலாம்.

மரநிழலைப் பற்றியும் ஒரு சொல். சவுக்கு என்று மலையகத்தார் அழைக்கும் கிரெவிலியா அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. டடப் என்பது நம் முள்முருங்கையின் இனம். இவை தேயிலைச் செடிக்காக நடப்பட்டவை. பறிப்பவருக்கு நிழல் கிடைத்தது தற்செயல். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியது. ஈரத்திலும் நிழலிலும் வளரும் பூஞ்சணம் ஆகையால், மழைக்கு முன் நிழல்மரக் கிளைகளை வெட்டுதல் அவசியமாயிற்று. செடியின் நோய்க்கு அது மருந்து, பறிப்பவருக்கு நிழற்குறைவு.

இனிப் பூச்சுக்கு வருவோம். கடையில் விற்கும் வெயிற்காப்புக் களிம்பு உழைப்பாளிக்காகப் பிறந்ததன்று. 1936இல் பிரான்சில் தொழிலாளர்க்குச் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் வந்தது, கடற்கரைகள் நிரம்பின, அதே காலத்தில்தான் ‘அம்ப்ர் சொலேர்’ என்னும் எண்ணெய் அங்கே சந்தைக்கு வந்தது. களிம்புகளின் காப்பளவை எண்ணாற் குறிக்கும் முறையை 1974இல் ஒஸ்திரியரான கிறைற்றர் பரப்பினார். இன்று அக்களிம்புகளில் சிலவற்றைப் பற்றி ஐயம் எழுந்துள்ளது. ஒட்சிபென்சோன் முதலிய பொருள்கள் பவளப்பாறைகளுக்குக் கேடென்று கருதி, ஹவாய்த் தீவு 2018இல் அவற்றின் விற்பனையைத் தடுக்கச் சட்டம் செய்தது. ஆதலின் ‘இயற்கையான மாற்று உண்டா?’ என்று பலரும் வினவுகின்றனர். எமது மாணவியரும் வினவுகின்றனர்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். மஞ்சட்கறை பட்ட வேட்டியை நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வர்? வெயிலில் உலர்த்துவர், கறை வெளுத்துவிடும். வெயிலுக்குத் தானே நிற்க மாட்டாத நிறம் நம் தோலை எங்ஙனம் காக்கும்? சந்தனம் குளிர்ச்சி தரும், காப்பு வேறு. கற்றாழை எரிந்த தோலை ஆற்றும், எரியாமல் தடுக்காது. பர்மாவிற் பெண்கள் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த மரமொன்றின் பட்டையைக் கல்லில் அரைத்துத் தனாக்கா எனக் கன்னத்திற் பூசுவர். அங்கு வாழ்ந்த தமிழரும் அதனை அறிவர். அப்பட்டையில் கழியூதாக் கதிரை ஓரளவு உறிஞ்சும் பொருள்கள் உண்டு. எனினும் நாள் முழுதும் மலையில் நிற்பவர் அதனையே நம்பியிருத்தல் இயலாது. தேங்காயெண்ணெய்க்கு 2010இல் இந்தியாவில் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ 7 என்னும் காப்பெண்ணைத் தந்தது. அதுவும் ஆய்வுக்கூடத்துக் கருவியில், தோலின்மேல் அன்று. மருத்துவர் வேண்டுவதோ 30. பனிக்காற்றில் வெடிக்கும் தோலுக்குத் தேங்காயெண்ணெய் நல்லது. அப்பணிக்கே அதனை வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் எவரும் பூசிக்கொண்டு வெளியே செல்லல் ஆகாது. சாறு பட்ட தோலில் வெயில் படின் கொப்புளம் எழும். அதன் கருந்தழும்பு மாதக்கணக்கில் மாறாது.

கனியப் பூச்சுகளில் நாகவொட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் நம்பத்தக்கவை. தோலின்மேல் நின்று கதிரைத் தடுப்பவை இவை. ஆயின் வீட்டிற் குழைத்தால் பொடி சீராகப் பரவாது. செய்துவைத்ததையே வாங்க வேண்டும். அதன் விலை நாட்சம்பளக் குடும்பத்திற்கு எட்டுவதா என்பது தனிக் கேள்வி.

இயற்கை தந்த காப்பு ஒன்று நம்மிடமே உண்டு. 1979இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, கறுப்பினத்தவரின் மேற்றோல் ஏறத்தாழ 13 என்னும் காப்பெண் உடையதென்றும், வெள்ளையரின் தோலுக்கு அவ்வெண் 3 அளவினதே என்றும் கண்டது. நம்மவர் தோல் இடைப்பட்டது. தோற்புற்று நம்மிடையே அரிதாயிருப்பதற்கு இந்நிறமே காரணம். இதனை அறியாத நம் பெண்பிள்ளைகள், வெயிலிற் கறுத்துவிட்டோமென்று நாணி, பெயரும் முகவரியும் இல்லாத வெண்மைக் களிம்புகளை நகரத்துக் கடைகளில் வாங்குகின்றனர். அத்தகைய களிம்புகள் பலவற்றில் இரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. நம் நாடும் அதற்கு விலக்கன்று. இரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவிலுள்ள குழந்தையையும் தாக்கும். 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை இதனைத் தடுக்கவும் முற்பட்டது. காப்பளிக்கும் நிறத்தை நீக்குவதற்காக நஞ்சை விலைகொடுத்து வாங்கும் இந்தக் கொடுக்கல்வாங்கலைப் பள்ளியிற் பேசாமல் வேறெங்கே பேசுவது?

கருந்தோல் கண்ணைக் காப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கதிர்பட்ட கண்ணில் புரை விரைந்து வளரும். வெள்விழியில் சதையும் படரும். எந்தப் பூச்சும் இதற்கு உதவாது. விளிம்புள்ள தொப்பியே உதவும். வடக்கே பனையோலையால் தொப்பி பின்னுகின்றனர்; மலிவானது, காற்றோட்டமுள்ளது. பள்ளிப் பிள்ளைகள் மைதானத்திற்கு அதனை அணியலாம். கொழுந்து பறிக்கும் தாய் அணிய முடியுமா என்றால், அங்கே ஓர் இடையூறு உண்டு. கூடையின் கயிறு தலையின்மேலேதான் கிடக்கின்றது. விளிம்புள்ள தொப்பி அதன்கீழ் நிற்பதில்லை. கம்பளிக்குப் பதில் துண்டும் பொலித்தீனும் வந்த பின்னும் அவர் தொப்பிக்கு மாறாமைக்குக் காரணம் அந்தக் கயிறே. சுமையைத் தலையினின்றும் தோளுக்கு இறக்கும் கூடையை ஒரு தோட்டம் செய்து கொடுக்குமாயின், பனையோலைத் தொப்பி மறுநாளே மலையேறும்.