வெற்று ரவைக்கோதும் அதன் மறுபயன்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

படைக்கலங்களின் வரலாற்றை எழுதியோர் துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். சுடப்பட்டபின் நிலத்தில் விழும் வெற்றுக்கோது அவர்களது கவனத்தைப் பெற்றது குறைவு. ஆயின், ரவையொன்றின் உறுப்புகளுள் ஆக்குவதற்கு அதிக செலவை வேண்டுவது இப்பித்தளைக் கோதேயாகும். சன்னமும் வெடிமருந்தும் ஒருமுறையுடன் அழிந்துபோக, கோது மட்டுமே எஞ்சுகின்றது. அதனை மீள நிரப்புதல் தகுமா, சிறப்பாக மீள நிரப்புதற்கு இடந்தராத வகையில் அமைந்த கோதினை மாற்றியமைத்துப் பயன்படுத்துதல் தகுமா என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து ஒரு தொழில்நுட்ப வினாவாகவே தோன்றும். அது உண்மையில் உழைப்பு, மூலப்பொருள், அதிகாரம் என்பன பற்றிய வினா என்பதையே இக்கட்டுரையில் நாம் காட்ட முயல்கின்றோம்.

1. இரு அமைப்புகள்

காகிதத்தில் மருந்தைச் சுற்றிய பழைய தோட்டாவில் மறுபயன்பாடு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலோகக்கோது வழக்கிற்கு வந்ததுடன் நிலைமை மாறியது. பித்தளை வெடிப்பின்போது விரிந்து துப்பாக்கியின் பின்புறத்தை வாயு கசியாது அடைத்தது. பின்னர் சற்றே சுருங்கி வெளியேறியது. இவ்வியல்பே அதனை மீளப் பயன்படுத்தத்தக்கதாகவும் ஆக்கியது.

கோதின் அடியிலுள்ள எரியூட்டியை அமைப்பதில் 1866 ஆம் ஆண்டளவில் இரு முறைகள் தோன்றின. ஒன்று, இங்கிலாந்தில் வூலிச்சிலிருந்த றோயல் ஆய்வுகூடத்தின் மேற்பார்வையாளரான எட்வேட் பொக்சர் வகுத்தது. மற்றது, அமெரிக்க உள்நாட்டுப் போரிலே குறிபார்த்துச் சுடுவோர் படையை நடத்திய ஹைரம் பேர்டன் வகுத்தது. துப்பாக்கியின் ஊசி எரியூட்டியை அடிக்கும்பொழுது அதனுள்ளிருக்கும் வெடிப்பொருள் நசுங்கித் தீப்பற்றுவதற்கு எதிர்ப்புறத்தே ஒரு பட்டடை வேண்டும். பொக்சர் முறையில் அப்பட்டடை எரியூட்டியின் உள்ளேயே வைக்கப்பட்டது. கோதின் அடியில் நடுவே ஒரு துளை இருந்தது. பேர்டன் முறையிலோ பட்டடை கோதின் அடியிலேயே ஒரு முனையாக உருவாக்கப்பட்டது. தீ செல்வதற்கான சிறு துளைகள், பெரும்பாலும் இரண்டு, அதன் பக்கங்களில் அமைந்தன.

இச்சிறு வேறுபாட்டின் விளைவு பெரிது. பொக்சர் முறைக் கோதில் வாய்வழியே ஒரு கம்பியை நுழைத்து நடுத்துளையூடாகத் தள்ளினால் பழைய எரியூட்டி விழுந்துவிடும். பேர்டன் கோதில் நடுவே பட்டடை நிற்பதால் அவ்வழி அடைபட்டுள்ளது. எரியூட்டியை வெளியிலிருந்து நெம்பியோ, கோதினுள் நீரை நிரப்பி அதன் அழுத்தத்தாலோ அகற்றவேண்டும். மேலும், எரியூட்டிக் குழியின் விட்டமும் ஆழமும் நாட்டுக்கு நாடு வேறுபட்டமையால் பொருத்தமான புதிய எரியூட்டியைத் தேடுவதும் எளிதன்று.

இவ்விடத்து வரலாற்றின் முரணொன்றும் கருதத்தக்கது. ஆங்கிலேயர் வகுத்த பொக்சர் முறை அமெரிக்காவில் நிலைபெற்றது. அமெரிக்கர் வகுத்த பேர்டன் முறை ஐரோப்பியப் படைகளிற் பரவியது. பிரித்தானியப் படையின் .303 ரவையே பேர்டன் முறையினதாயிற்று.

2. முரணின் காரணம்

இம்முரணைத் தற்செயல் என்று கொள்ளுதல் பொருந்தாது. அமெரிக்க எல்லைப்புறத்திற் குடியேறியோரும் வேட்டைக்காரரும் பட்டினங்களிலிருந்து வெகுதூரத்தில் வாழ்ந்தனர். ஈயத்தை உருக்கிச் சன்னம் வார்த்து, கோதுகளைத் தாமே நிரப்பிக்கொள்வது அவர்களது வாழ்க்கை முறையின் ஒரு பகுதியாயிருந்தது. அந்நாட்டுப் படையும் 1880 களிற் சுடுபயிற்சிக்கென வெற்றுக்கோதுகளை முகாம்களிலேயே மீள நிரப்புவித்தது. தனியாள் தானே நிரப்புகின்ற சமுதாயத்தில் எளிதில் நிரப்பத்தக்க கோதுக்கே மதிப்பு இருந்தது.

ஐரோப்பிய வல்லரசுகளின் நிலை வேறு. அங்கே ரவை என்பது அரசின் ஆலையில் இலட்சக்கணக்கில் உருவாகிப் படைவீரனின் கையிற் கொடுக்கப்படும் பொருள். எரியூட்டியினுள் தனிப் பட்டடையைப் பொருத்தவேண்டாத பேர்டன் முறை பேருற்பத்திக்கு இசைந்தது. படைவீரன் கோதினை நிரப்பவேண்டியதில்லை. அவ்வறிவு அவனுக்கு இருப்பதை அரசு விரும்பவேண்டிய தேவையுமில்லை.

எனினும் அதே அரசுகள் மறுபயன்பாட்டை முற்றாக ஒதுக்கிவிடவில்லை என்பதும் மனங்கொளத்தக்கது. முதலாம் உலகப் போரிற் பிரித்தானியரின் 18 இறாத்தல் பீரங்கிக் கோதுகள் சேகரிக்கப்பட்டு, உருத்திருத்தி, மீண்டும் மீண்டும் நிரப்பப்பட்டன. அவற்றின் எரியூட்டி திருகிக் கழற்றத்தக்கது. ஒரு கோதில் அடங்கிய பித்தளையும் மிகுதி. கைத்துப்பாக்கி, நெடுந்துப்பாக்கி ஆகியவற்றின் சிறு கோதுகளோ பழைய உலோகமாகவே மதிக்கப்பட்டன. ஒரு கோதிற் செலவாகும் உழைப்பையும் அதனால் மிஞ்சும் உலோகத்தையும் ஒப்பிட்டே இவ்வேறுபாடு எழுந்தது.

3. வலிதான எதிர்நிலை

பேருற்பத்தி ஆலையற்றோரிடத்து இக்கணக்குத் தலைகீழாகின்றது. இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில், கோகாட் கணவாயை அண்டிவாழ்ந்த ஆதம்கேல் அப்ரிதியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே துப்பாக்கிகளைக் கைவினையாக ஆக்கினர். அவ்வெல்லைப்புற மக்களுக்கு வெற்றுக்கோது பெறுமதியான பொருளாயிற்று. குடியேற்றவாத ஆட்சிக்கு எறியப்பட்ட பித்தளையாகத் தோன்றியது, மறுபக்கத்தாருக்கு நாளைய ரவையாகத் தோன்றியது.

இதனிலும் தெளிவான சான்றைச் சீனம் தருகின்றது. யப்பானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான போரில் (1937-1945) எட்டாவது மார்க்கப் படைக்கும் புதிய நான்காவது படைக்கும் ரவைப் பற்றாக்குறை தீராத துன்பமாயிருந்தது. சுட்டபின் கோதினைப் பொறுக்கி ஒப்படைப்பது படைவீரனின் கடமையாயிற்று. தைகாங் மலைத்தொடரில், சான்சி மாகாணத்தின் குவாங்யாதொங்கில் 1939 இல் நிறுவப்பட்ட ஆயுதசாலையும் ஏனைய சிறு பட்டறைகளும் மலையிடுக்குகளிற் செயற்பட்டன. செப்பு நாணயங்கள் முதலாகக் கிடைத்த உலோகமெல்லாம் மூலப்பொருளாயின. 1941 நவம்பரில் யப்பானியப் படை குவாங்யாதொங் ஆயுதசாலையைத் தாக்கியமை, இப்பட்டறைகளின் முக்கியத்துவத்தை எதிரி உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும்.

அன்யுவான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாயிருந்து புதிய நான்காவது படையின் ஆயுதப் பட்டறைக்கு வந்த வூ யுந்துவோவின் வாழ்க்கை இங்கு நினைவுகூரத்தக்கது. வெடிப்பொருள்களுடன் செய்த வேலையில் அவர் பலமுறை படுகாயமுற்றார். ஒரு கண்ணின் பார்வையையும் விரல்களையும் இழந்தார். கோதினை மீள நிரப்புதலின் உண்மையான விலையைக் கணக்கிடுவோர் பித்தளையின் விலையுடன் இதனையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். அவ்வாறு நிரப்பிய ரவைகள் ஆலை ரவைகளுக்கு நிகரானவையல்ல. ஆயினும் ரவையே இல்லாத படைக்கு அவ்வொப்பீடு பொருளற்றது.

4. மாற்றியமைத்தல் பற்றி

பேர்டன் கோதின் பட்டடையை அகற்றி, நடுவே துளையிட்டு, அதனைப் பொக்சர் முறைக்கு மாற்றும் முயற்சி பிற்காலத்தது. பழைய துப்பாக்கிகளைப் பேணிய தனியாட்களே பெரும்பாலும் இதில் ஈடுபட்டனர். இதன் இடர்கள் மூன்று. முதலாவதாக, அடிப்பகுதியிலிருந்து உலோகத்தை அகற்றுவதால் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய இடமே நலிவடையலாம். இரண்டாவதாக, பழைய பக்கத்துளைகள் எஞ்சியிருக்கப் புதிய துளையும் சேர்வதால் தீ செல்லும் அளவு மாறுபடும். மூன்றாவதாக, இரசம் கலந்த பழைய எரியூட்டிகளைக் கொண்ட கோதாயின், புகையற்ற மருந்துடன் சுடப்பட்டபோது வெளிப்பட்ட இரசம் பித்தளையுட் புகுந்து அதனை நொறுங்குந்தன்மையுடையதாக்கியிருக்கும். இக்கேடு கண்ணுக்குப் புலனாகாது. இத்தகைய கோதினை எவ்வளவு திறமையுடன் மாற்றியமைத்தாலும் பயனில்லை.

ஆகவே, பொக்சர் முறைக் கோதுகள் கடையிற் கிடைக்கும் நாட்டில், வழக்கிலுள்ள அளவுகளுக்கு இம்மாற்றம் தகாது என்பதே நமது துணிபு. ஒரு கோதிற் செலவிடும் நேரம் அதன் விலையை விஞ்சிவிடும். உற்பத்தி நின்றுபோன அளவொன்றிற்கு வேறு கோதே இல்லாதவிடத்து மட்டும் அது கருதத்தக்கது. அங்கும் பேர்டன் எரியூட்டி கிடைக்குமாயின், கோதினை மாற்றாது அவ்வாறே நிரப்புதல் மேலானது.

மேற்கூறியவாற்றாற் பெறப்படுவது யாது? ஒரே பித்தளைக் கோது ஐரோப்பிய ஆலைக்குக் கழிவு. எல்லைப்புற மக்களுக்குச் செல்வம். தைகாங் மலைப் பட்டறைக்கு உயிர்நாடி. கோதின் உருவம் மாறவில்லை. அதனைக் கையில் எடுத்தோரின் சமுதாய நிலையே மாறியது. ஒரு பொருள் மறுபயன்பாட்டிற்குத் தகுமா என்பதைப் பொருளை மட்டும் வைத்துத் தீர்மானிக்கவியலாது. அதனைப் புதிதாக ஆக்கும் ஆற்றல் யார் வசமுள்ளது, பழையதைச் செப்பனிடும் உழைப்பையும் ஊறினையும் யார் தாங்குகின்றனர் என்பவற்றை வினவிய பின்னரே விடை கூறவியலும். தொழில்நுட்ப வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வினாக்களைத் தவிர்த்தல் ஆகாது.