சாக்கடையைப் பார்வையிட்டவரும் சம்பளம் தந்தவரும்

ஜமாஅத்தின் ஆண்டறிக்கையைக் கையில் ஏந்தியுள்ள அன்பர்களுக்கு வேறொரு வகை ஆண்டறிக்கையை அறிமுகம் செய்ய விழைகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் சிறு நகரங்களில் சுகாதார மருத்துவ அதிகாரி ஆண்டுதோறும் தம் மன்றத்துக்கு எழுதியளித்த அறிக்கையே அது. பிறப்பு, இறப்பு, தொற்றுநோய்க் கணக்குகளோடு, சுகாதாரச் சீர்கேடுகள் பற்றி எடுக்கப்பட்ட நடவடிக்கைகளும் அதில் இடம்பெறும்.

ஒவ்வொரு சுகாதார வட்டாரத்திலும் மருத்துவ அதிகாரி ஒருவரையும் ‘நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர்’ ஒருவரையும் நியமிக்க 1872ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் நகர வட்டாரங்களுக்கு ‘நகர்ப்புற மாவட்டம்’ எனப் பெயரிட்டது. நம் நாட்டு மாவட்டம் போல் பெரிதென எண்ண வேண்டா. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர்களும் அவற்றில் அடங்கும்.

இன்ஸ்பெக்டரின் பணி மணம் கமழும் பணியன்று. நிரம்பி வழியும் எடுப்புக் கக்கூசு, அடைபட்ட சாக்கடை, வீட்டை ஒட்டிய பன்றிக் கொட்டில், பால்மாட்டுத் தொழுவம், அறுப்புக் கூடம் ஆகியனவே அவர் நாள்தோறும் கண்ட காட்சிகள். சீர்கேடு உண்டா எனப் பார்க்க, காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை வீட்டினுள் நுழைய 1875ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. குறை கண்டால் முதலில் எழுத்து மூலம் அறிவிப்பு. அதற்கும் அசையாதவர் மீது மாஜிஸ்திரேட்டிடம் முறையீடு. கெட்ட இறைச்சியோ கையோடு பறிமுதல் செய்யப்படும். விற்க வைத்திருந்தவருக்கு 20 பவுன் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை.

சட்டம் இவ்வளவு கூர்மையாக இருந்தும் வழக்குகள் குறைவாகவும் அறிவிப்புகள் மிகுதியாகவும் இருந்ததேன்? அதிகாரியை நியமித்தது மன்றம். மன்றத்திலோ வாடகை வீட்டு உரிமையாளரும் கடைக்காரரும் அமர்ந்திருந்தனர். மருத்துவ அதிகாரிகளுள் பலர் பகுதிநேரப் பணியாளர். சொந்த மருத்துவத் தொழிலையும் நடத்தியவர்கள். பலரது நியமனம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டது. சம்பளம் தருபவரின் சாக்கடையைக் குறை கூற எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பொறுமையாக எடுத்துரைத்தே திருத்த வேண்டும் என்ற நோக்கமும் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அச்சத்துக்கும் அதில் பங்குண்டு என்பதே நம் கருத்து.

வாழத் தகாத வீட்டை மூட உத்தரவிடும் அதிகாரத்தை 1909ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்துக்கே வழங்கியது. ஆனால், அங்கே குடியிருந்த ஏழைக் குடும்பம் எங்கே செல்லும்? அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைப்பது அரிது. அதனால், ஈரம் கசியும் சுவர்களை அறிந்தே விட்டுவைக்கும் நிலையும் நேர்ந்தது.

1921இல் இயற்றப்பட்ட சட்டம், சுகாதார அமைச்சரின் இசைவின்றி இவ்வதிகாரிகளைப் பணிநீக்கம் செய்யலாகாது என விதித்தது. நியூசன்ஸ் இன்ஸ்பெக்டருக்குச் ‘சுகாதார ஆய்வாளர்’ என்ற பெயர் கிட்டியதும் அதே சட்டத்தால்தான்.